கம்ப்யூட்டரில் வெட்டிய கிணறு

பேய் என்றால் நள்ளிரவில்தான் வர வேண்டும், புளியமரத்தில்தான் தொங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அந்தச் சட்டம் மதிக்கப்படவில்லை. 1987-ஆம் வருஷம், சித்திரை மாதம், சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காடு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற ரோட்டோர மாடியில், உச்சிவெயிலில் நடந்தது. நிஜமாக நடந்தது. முதலில் பார்த்தவர்கள் இரண்டு பேர். இருவரும் படித்தவர்கள். அதனாலேயே வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வெகுநாள் வாயைத் திறக்கவில்லை. படிக்காதவர்களாக இருந்திருந்தால் அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மாடியில் ஒரு கம்பெனி இருந்தது. 'சின்னண்ணன் வேர்ல்டு வீடியோ கேம்ஸ்'. போர்டு அந்த அறையை விடப் பெரிது. பக்கத்துத் தையல் கடையின் சுவரில் பாதியை அது பிடித்துக்கொண்டதில், தையல்காரருக்கும் கம்பெனிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அறைக்குள்ளே ஒரு மேஜை, ஒரு பதினான்கு அங்குல கருப்பு வெள்ளை டி.வி., ஒரு டேப் ரெக்கார்டர், லண்டனிலிருந்து யார் பெட்டியிலோ துணிகளுக்கு நடுவில் வந்து சேர்ந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அவ்வளவுதான் வேர்ல்டு.

முதலாளி சின்னண்ணன் எருமப்பட்டிக்காரர். நாலு லாரி, இரண்டு ரிக் வண்டி. பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்தவர், பெங்களூரில் காலேஜ் பையன்கள் காசு போட்டு டி.வி. பெட்டி முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்த்தார். 'இதுலயும் ஊத்து இருக்குது' என்று முடிவு செய்தார். கம்பெனிக்கு மூன்று தடவை திறப்பு விழா நடந்தது. முதல் தடவை போட்டோ சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை வந்த வி.ஐ.பி. அடுத்த மாதமே பதவி இழந்தார். சின்னண்ணனின் விசிட்டிங் கார்டில் 'நிறுவனர், நிர்வாக இயக்குநர், தலைமை விளையாட்டுச் சிற்பி' என்று இருந்தது. சிற்பி கம்ப்யூட்டரைத் தொட்டது ஒரே ஒரு முறை. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்தார். அதோடு 'எம்' பித்தான் ஒட்டிக்கொண்டது.

வேலை செய்தவர்கள் இரண்டு பேர். புரோகிராம் எழுதியவன் அருணகிரி. ஆட்டையாம்பட்டி. பாலிடெக்னிக் முடித்தவன். அரசாங்க லேப் உத்தியோகம் வீடு தேடி வந்தபோது, 'விளையாட்டு செய்யப் போகிறேன்' என்று அதை வேண்டாம் என்றவன். அன்றிலிருந்து, தறி நெய்கிற அவன் அப்பா அவனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுவார்: "தறிக்குழி காலியாத்தான் இருக்குது."

படம் வரைந்தது சௌந்திரம். டிராயிங் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். கட்டம் போட்ட தாளில் மனுஷனை வரைந்து கொடுப்பாள். எட்டுக் கட்டத்துக்கு எட்டுக் கட்டம், அதுதான் ஒரு ஆள். அதற்கு மேல் அந்தக் கம்ப்யூட்டருக்கு மனுஷன் மேல் மரியாதை கிடையாது.

விளையாட்டு என்னவென்றால், சின்னண்ணனின் வாழ்க்கை வரலாறு. வேறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"கண்ணு, எழுவத்துநாலு பஞ்சத்துல எம்பட கையால வெட்டுன கெணறு. அறுவதடி. கீழ நானு. பாறையில தோட்டா வெச்சு, திரியப் பத்தவெச்சுப்போட்டு, கயித்த ரெண்டு வாட்டி இழுப்பேன். மேல சென்றாயன்னு ஒருத்தன். சரசரன்னு தூக்கிப்போடுவான். அப்பறம் வெடி. தண்ணி பாரு... பனமர ஒசரத்துக்கு!"

"அந்தச் சென்றாயன் இப்ப எங்கீங்க?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"கேரளாவுக்குப் பொழைக்கப் போயிட்டான். அவன் கெடக்கறான். மீசைய நல்லா வரை."

"மீசை பெருசாப் போட்டா மூஞ்சிக்கு எடமில்லீங்க மொதலாளி. மொத்தமே எட்டுக் கட்டம்."

"மூக்க எடுத்துரு."

எடுத்துவிட்டாள். இப்படியாக, மீசை வைத்த, மூக்கில்லாத ஒரு சின்னண்ணன் கிணற்றுக்குள் இறங்கினார். மேலே தலைப்பாகை கட்டிய ஒரு பொடி ஆள் கயிற்றைப் பிடித்திருந்தான். ஒவ்வொரு ஆழத்திலும் வெடி வைக்க வேண்டும். திரி எரிந்து முடிவதற்குள் பித்தானை இரண்டு தரம் தட்ட வேண்டும். கயிறு மேலே ஏறும். ஏறாவிட்டால் ஆள் காலி.

அருணகிரிக்கு இந்தக் கதையில் எரிச்சல் இருந்தாலும் விளையாட்டில் பிரியம் இருந்தது. அவன் எழுதியது. ஓடியது. நன்றாகவே ஓடியது. பெங்களூரில் விளையாட்டுக் கேசட் விற்கிற மயில்சாமி என்பவர் அடுத்த வாரம் பார்க்க வருவதாக இருந்தார். பிடித்தால் கேசட் போட்டு விற்பார். கேசட் அட்டையின் பின்பக்கம், சின்ன எழுத்தில், 'உருவாக்கம்: அருணகிரி' என்று போட முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். முதலாளி படத்துக்குக் கீழேதான். ஆனாலும் பெயர். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் அப்பாவின் வாக்கியத்தை மாற்ற முடியும்.

ஆனால் விளையாட்டு ஐம்பது அடிக்குக் கீழே போனால் கெட்டது.

ஐம்பது அடி வரைக்கும் இரண்டு தட்டு தட்டினால் கயிறு ஏறும். அதற்குக் கீழே ஏறாது. தட்டுவான். ஏறாது. திரி எரியும். டப். ஆள் காலி.

எங்கேயோ பிழை. அருணகிரி தேடினான். ஒவ்வொரு வரியாகத் தேடினான். தேடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துவிடும். மறுபடி டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட்டி ஏற்ற வேண்டும். அந்தக் கேசட்டும் புதிதல்ல. முதலாளி சங்கக் கூட்டங்களில் பேசிய பேச்சுகளைப் பதிவு செய்து வைத்திருந்த ஒரு பழைய கேசட். 'கேசட்டுக்கு எதுக்குடா தண்டச் செலவு' என்று அவரே எடுத்துக் கொடுத்தது. அதன் மேல்தான் விளையாட்டைப் பதிந்திருந்தான். கீ...ஈ...ஈ... கர்ர்ர்ர்... என்று ஐந்து நிமிஷம் கத்தும். கடைசி நொடியில், 'எனவே பெரியோர்களே' என்று முதலாளியின் குரல் அரைகுறையாகக் கேட்கும். ஏறவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து.

நாலு நாள் இப்படிப் போயிற்று. அருணகிரி ஒரு தடவை கேசட்டைச் சுவரில் எறிந்தான். பிறகு அவனே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

ஐந்தாம் நாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கீழே ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது. அருணகிரி ஐம்பத்தைந்தாவது அடியில் தட்டிக்கொண்டிருந்தான். சௌந்திரம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே டி.வி.யை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இவனுக்கு மீசை எங்க?"

பார்த்தான். கீழே நின்ற ஆளுக்கு மீசை இல்லை.

"தலைப்பாகை இருக்குதே," என்றாள். "இது மேல நிக்கற ஆளில்ல?"

அருணகிரிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பேய் என்று தெரிந்திருந்தால் பயந்திருப்பான். பிழை என்று நினைத்ததால் பல்லைக் கடித்தான்.

"படம் மாறிப்போச்சு. இவனக் கொண்டுபோய் அவன் எடத்துல வெக்குது. எங்கியோ ஒரு நம்பர் தப்பு."

"செரி. அப்ப மேல நிக்கறது யாரு?"

மேலே பார்த்தான். மேலே மீசைக்காரர் நின்றார். ஆனால் கயிற்றைப் பிடித்திருக்கவில்லை. கிணற்றையும் பார்க்கவில்லை.

இவர்களைப் பார்த்து நின்றார்.

நேராக. கையைக் கட்டிக்கொண்டு.

"சௌந்திரம்... இந்தப் படம் எப்ப வரைஞ்சீங்க?"

அவள் டப்பாவை மூடினாள். "நான் வரையலீங்க."

"நேராப் பாக்கற மாதிரி..."

"எல்லாம் பக்கவாட்டுதாங்க. இடது பக்கம் ஒண்ணு. வலது பக்கம் ஒண்ணு. வேற படமே கெடையாது."

கம்ப்யூட்டரில் இல்லாத ஒரு படம் டி.வி.யில் நின்றது. எட்டுக் கட்டத்துக்கு எட்டுக் கட்டம். மீசைக்கு மேலே மூக்கு இருந்தது.

அப்போது கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. டி.வி. ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ரோட்டில் ஒரு லூனா வண்டி போன சத்தம். பிறகு அதுவும் இல்லை.

மேஜையின் மேல் டேப் ரெக்கார்டர். அதன் வயர் மேஜை விளிம்பிலிருந்து கீழே தொங்கி, தரையோரத்துப் பிளக்குக்குப் போகும். எப்போதும் தொளதொளவென்று தொங்குகிற வயர்.

அது விறைத்தது.

கீழேயிருந்து யாரோ இழுத்த மாதிரி... ஒரு தரம். இன்னொரு தரம்.

டேப் ரெக்கார்டர் மேஜையில் நகர்ந்தது. சர்ர்... ஒரு விரல் அகலம்.

நின்றது.

மறுபடி... இரண்டு தரம்.

சௌந்திரம் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். அருணகிரி பார்க்கவில்லை. அவளுக்குத் தைரியம் இருந்தது, அவனுக்குப் பாலிடெக்னிக் டிப்ளமா இருந்தது.

"எலியா?" என்றான்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள். "ஒண்ணுமே இல்லீங்க. அதுதான் பயமா இருக்குது."

கரண்ட் வந்தது. வயர் பழையபடி தொங்கியது. இருவரும் படியிறங்கிப் போய், பேச்சுவார்த்தை இல்லாத தையல்காரர் கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அருணகிரி ஒரு காரியம் செய்தான். பிழையைக் கண்டுபிடிக்க முடியாத புரோகிராம்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஐம்பது அடியோடு விளையாட்டை முடித்துவிட்டான். ஐம்பதில் தண்ணீர் பீச்சும், 'வெற்றி' என்று வரும். அதற்குக் கீழே போகவே முடியாது. பெருமூச்சு விட்டான். மயில்சாமி வந்து போகட்டும். பெயர் அட்டையில் ஏறட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மயில்சாமி வந்தார். கூடவே முதலாளி தன் சங்கத்து ஆட்கள் ஆறு பேரைக் கூட்டி வந்தார். ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு ஒரு டின். ஆளுக்கொரு ரோஜாமாலை. போட்டோக்காரரும் வந்திருந்தார், நாலாவது திறப்பு விழா மாதிரி. காலையில் வரவேண்டியவர்கள் வந்து சேர்ந்து, மாலை போட்டு, பேசி முடிக்கும்போது உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அருணகிரி கடிகாரத்தைப் பார்த்தான். சௌந்திரம் அவனைப் பார்த்தாள்.

விளையாட்டு ஏறியது. ஒரே தடவையில் ஏறியது. மயில்சாமி ஆடிப் பார்த்தார். பத்தடி, இருபதடி, முப்பதடி.

"பரவால்லீங்க," என்றார். "நல்லா இருக்குதுங்க. தம்பி, நீங்க எழுதுனதா? பேரு என்ன?"

அருணகிரி பெயரைச் சொன்னான். கம்பெனியில் சேர்ந்த பதினாலு மாதத்தில் அவன் பெயரை யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐம்பதடி. தண்ணீர் பீச்சியது. வெற்றி.

கைதட்டல். அதற்கு நடுவில் முதலாளியின் குரல்.

"அம்பதா? நிறுத்துங்க. எம்பட கெணறு அறுவதடி. எவன்டா அந்தப் பத்தடியத் தின்னது?"

"மொதலாளி, வெளயாட்டுக்கு அம்பது போதுமுங்க..."

"போதுமா? வரலாறுடா இது! ஊரு பூராத் தெரியும் அறுவதுன்னு. மாத்து. இப்பவே மாத்து."

"அதுல ஒரு பிழை இருக்குதுங்க."

"எம்பட கெணத்துல பிழையா?"

ஆறு பேர் சிரித்தார்கள். மயில்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். அருணகிரி உட்கார்ந்தான். ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும். ஐம்பது இருந்த இடத்தில் அறுபது. மாற்றினான்.

"தள்ளு. நானே வெளயாடறேன்." முதலாளி மாலையோடு உட்கார்ந்தார். போட்டோக்காரர் எதிரே போய் நின்றார்.

ஐம்பத்தைந்து. கீழே இருந்த ஆளின் மீசை போனது. யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பேரைத் தவிர.

அறுபது. தோட்டா வைத்தாயிற்று. திரி எரிந்தது.

முதலாளி தட்டினார். இரண்டு தரம்.

கயிறு ஏறவில்லை.

தட்டினார்.

மேலே, மீசைக்காரர் மெல்லத் திரும்பினார். கையைக் கட்டிக்கொண்டார். எல்லோரையும் பார்த்தார்.

"இதென்னடா..." என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

மேஜையிலிருந்து தொங்கிய வயர் விறைத்தது.

ஒன்று... இரண்டு.

எல்லோரும் பார்த்தார்கள்.

ஒன்று... இரண்டு.

டேப் ரெக்கார்டர் விளிம்புக்கு நகர்ந்தது. முதலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை மாலையில் சொட்டியது. வாய் தானாக அசைந்தது. அருணகிரி பக்கத்தில் நின்றான். தெளிவாகக் கேட்டது.

"பொறுடா சென்றாயா... ஒரே நிமிசம்..."

டேப் ரெக்கார்டர் தரையில் விழுந்தது.

டப்.

விளையாட்டு முடிந்தது. போட்டோக்காரரின் ஃபிளாஷ் அந்த நொடியில்தான் அடித்தது.

முதலாளி எழுந்தார். விழுந்த ரெக்கார்டரைத் திறந்து, கேசட்டை எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் பேசாமல் ஒரு கூட்டத்திலிருந்து போனது கம்பெனி வரலாற்றிலேயே முதல் தடவை. மயில்சாமி ஒரு முறுக்கை எடுத்தவர் கடிக்காமல் வைத்துவிட்டு, "எழுதறேங்க தம்பி" என்றார். எழுதவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் பூட்டுத் தொங்கியது.

அருணகிரிக்கு மற்றது எதுவும் வேண்டாம். கேசட் வேண்டும். முழு விளையாட்டும் அந்த ஒரே கேசட்டில் இருந்தது. இன்னொரு பிரதி எடுக்க முதலாளி இன்னொரு கேசட் கொடுத்ததில்லை. அது கிடைத்தால் அவனே பெங்களூர் போய் மயில்சாமியைப் பார்ப்பான். ஐம்பதடியோடு நிறுத்திக் காட்டுவான். கிடைக்காவிட்டால் தறிக்குழி. வைகாசியில் ஒரு நாள் நாமக்கல் போய், பஸ் மாறி, எருமப்பட்டியில் இறங்கினான்.

முதலாளி வெளியே வரவில்லை. அவர் மனைவி பொன்னாத்தாள் கதவிடுக்கில் நின்று பேசினாள்.

"அவருக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்க தம்பி. கட்டல்ல இருந்து எறங்கறதில்ல. கேசட்டா? அத அன்னைக்கே தோட்டத்துல அவரு வெட்டுன கெணத்துல போட்டுப்போட்டு வந்தாருங்க."

தோட்டத்துக்கு ஒரு மைல். வெயில் மண்டையைப் பிளந்தது. பதினாலு மாத உழைப்பு ஒரு கிணற்றின் அடியில் நனைந்துகொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது.

கிணற்று மேட்டில் ஒரு அம்மாள் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் சேந்தி ஊற்றிக்கொண்டிருந்தாள். பெயர் ராமாயி என்று பிறகு சொன்னாள். அந்தப் பக்கத்தில் வெயிலில் வந்தவனிடம் யார், எவர் என்று முதலில் கேட்க மாட்டார்கள். செம்பில் தண்ணீரை நீட்டினாள். குடித்தான். முழுச் செம்பும். இனிப்பான தண்ணீர்.

கேசட்டைப் பற்றிக் கேட்டான்.

"இதுக்குள்ளயா? இதுக்குள்ள போனது மேல வராதுங்க சாமி."

"ஏன் ஆத்தா, கெணறு வெட்டறப்ப மொதலாளியே எறங்கி ஏறி வெட்டுனாராமே. மேல சென்றாயன் கயித்தப் புடிச்சாராம்..."

ராமாயி கயிற்றை நிறுத்தினாள்.

"யாரு சொன்னது?"

"மொதலாளிதான். சென்றாயன் இப்பக் கேரளாவுல இருக்காராம்."

அவள் குடத்தை இழுத்துக் கட்டைமேல் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். சுற்றிலும் ஆள் யாரும் இல்லை. ஆனாலும் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு நானு கல்லுக்கூடை சொமந்துட்டு இங்கதான் நின்னேன் சாமி. கீழ எறங்குனது சென்றாயன். கயித்தப் புடிச்சது பண்ணாடி, அதானுங்க உங்க மொதலாளி. அந்நேரம் பாத்து ஆபீசருங்க காருல வந்தாங்க. போட்டாப் புடிக்கறவரும் வந்தாரு. பண்ணாடி கயித்தக் கல்லுத்தூணுல சுத்திப்போட்டு, அவங்க பக்கம் திரும்பி, கையக் கட்டிட்டு நின்னாரு. கயிறு ரெண்டு வாட்டி ஆடுச்சு. நானு பாத்தேன். பண்ணாடி, கயிறு ஆடுதுங்கன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"திரும்பவே இல்லீங்க. 'பொறுடா சென்றாயா, ஒரே நிமிசம்'னாரு."

அருணகிரி கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"வெடி வெடிச்சுது. தண்ணி பீச்சிட்டு வந்துச்சு. ஆபீசருங்க கையத் தட்டுனாங்க. கீழ ஆளு இருக்கறது அவங்களுக்குத் தெரியாதுங்க."

"அப்பறம்... மேல எடுத்தாங்களா?"

"எறைச்சுப் பாருங்கன்னு அவன் பொண்டாட்டி ஆராயி காலுல உழுந்தா. பஞ்சத்துல வந்த நல்ல தண்ணிய எறைச்சுக் கொட்டறதான்னு பண்ணாடி சொல்லிப்போட்டாரு. அவன் கேரளாவுக்குப் போயிட்டான்னு நாங்களும் சொல்லப் பழகிட்டோம். பதிமூணு வருசம் ஆச்சுங்க. இன்னும் எறைக்கல."

அருணகிரி கையிலிருந்த செம்பைப் பார்த்தான்.

"ஆத்தா... இந்தத் தண்ணி...?"

"வேற தண்ணி ஏதுங்க சாமி இங்க? ஊரு பூராக் குடிக்கறது இதத்தான்." அவள் குடத்தை மறுபடி உள்ளே விட்டாள். "இன்னொரு செம்பு வேணுமுங்களா?"